மகப்பேறுப் பிரிவின் சுவரில் உள்ள வாசகம் குறித்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மகப்பேறுப் பிரிவின் தலைமை மருத்துவருக்கும்,

உங்கள் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் இயங்கிவந்த மனநல ஆலோசனை அறை மூடப்பட்டிருப்பதையும், அதற்கு எதிர்ச்சுவரில் புதிய சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருப்பதையும் நேரில் கண்ட பிறகு இதை எழுதுகிறேன். "கர்ப்பிணியின் மனக்கவலை கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எப்போதும் மகிழ்ச்சியாக இருங்கள்" என்பது அந்தச் சுவரொட்டியின் வாசகம். அறை மூடப்பட்டதும் சுவரொட்டி ஒட்டப்பட்டதும் ஒரே மாதத்தில் நடந்தவை என்று விசாரித்தபோது தெரிந்தது. உங்களைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு கூட்டங்களில், இரண்டு வேறு காரணங்களுக்காக எடுத்த முடிவுகளாக இருக்கலாம். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அவை ஒரே முடிவாகத்தான் தெரிகின்றன. உன் மனத்தை நீயே பார்த்துக்கொள், குழந்தைக்கு ஏதாவது ஆனால் அதற்கும் நீயே பொறுப்பு என்று மருத்துவமனை தன்னிடம் சொல்வதாகவே அவள் எடுத்துக்கொள்கிறாள்.

இதை ஊகித்துச் சொல்லவில்லை. சென்ற மாதம் ஏழாம் மாதக் கர்ப்பிணியான என் தங்கைக்குத் துணையாக வந்திருந்தேன். அவளுடைய கணவர் வேலையிழந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டில் பண நெருக்கடி இருக்கிறது, அதையொட்டிய சச்சரவுகளும் இருக்கின்றன. உங்கள் காத்திருப்புக் கூடத்து நாற்காலிகள் எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தே போடப்பட்டிருப்பதால், இரண்டரை மணி நேரம் அவள் வேறு எதையும் பார்க்க வழியில்லை. அழைப்பு வருவதற்குச் சற்று முன்பு என் பக்கம் குனிந்து, "அக்கா, நான் அழுததெல்லாம் பாப்பாவுக்குப் போயிருக்குமா?" என்று கேட்டாள். உள்ளே சென்றதும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. எண்ணை அட்டையில் எழுதிவிட்டு, "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கென்று இருந்த ஒருவரின் அறையில் இப்போது பழைய கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த அறையை நான் நன்றாக அறிவேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என் முதல் கர்ப்பம் 22-ஆவது வாரத்தில் உங்கள் மருத்துவமனையில்தான் முடிந்தது. ஸ்கேன் எடுத்தவர் வயிற்றின் ஒரே இடத்தில் கருவியை அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வயிற்றில் தடவிய ஜெல் குளிர்ந்து, காய்ந்து, தோலை இழுக்கத் தொடங்கும்வரை நான் அங்கே தனியாகப் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே நின்றிருந்த என் கணவரை உள்ளே விட விதியில் இடமில்லை என்று பின்னர் சொன்னார்கள்.

அடுத்த கர்ப்பம் தரித்தபோது ஒவ்வொரு இரவும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்துக் காத்திருப்பேன். அசைந்தால் அடுத்த அசைவுக்காகக் காத்திருப்பேன். பகலில் வேலை ஓடாது. பரிசோதனைக்கு வரவேண்டிய நாள் நெருங்கினால் இரண்டு நாள்களுக்கு முன்பிருந்தே சாப்பாடு இறங்காது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "நடந்ததையே நினைச்சுக்கிட்டிருந்தா இந்தக் குழந்தைக்கும் ஆகாது" என்ற பதில் வரும் என்று தெரியும். வீட்டில் ஏற்கெனவே இரண்டு முறை வந்திருந்தது.

ஆலோசகரிடம் நான் போனது ஏறக்குறைய தற்செயல்தான். முதல் நாள் அவர் என்னிடம், "கவலைப்படுகிறீர்களா?" என்று கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான்கைந்து சந்திப்புகளில் அவர் செய்தவை பலவென்றாலும், ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். ஸ்கேன் அறைக்குத் தானே நடந்து சென்று, என்னைப் பரிசோதிக்கும்போது அளவுகள் எடுப்பதற்கு முன்னால் முதலில் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதை என் அட்டையின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் படுத்த சில விநாடிகளில் அந்தத் துடிப்பைத் திரையில் பார்த்துவிடுவேன். மீதி நேரம் அவர்கள் எத்தனை நிமிடம் பேசாமல் அளந்தாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இதற்கு மருத்துவமனைக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. ஆனால், இப்படி ஒன்று தேவைப்படுகிறது என்பதை அறிய, என்னிடம் உட்கார்ந்து பேச ஒருவர் தேவைப்பட்டார்.

என் மகள் 36-ஆவது வாரத்தில், 2,300 கிராம் எடையுடன் பிறந்தாள். மூன்றாம் நாள் வார்டு சுற்றுக்கு வந்த மருத்துவர் ஒருவர் அட்டையைப் புரட்டிவிட்டு, "ரொம்ப டென்ஷன் ஆயிருக்கீங்க, அதான் சீக்கிரம் வந்துட்டா" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்த வாக்கியத்தை இரண்டு ஆண்டுகள் சுமந்தேன். மகள் பேசத் தாமதமானபோது அதுதான் நினைவுக்கு வந்தது. இரவில் வீறிட்டு அழுதபோதும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு குறிப்பிட்ட பெண்ணின் குறைமாதப் பிரசவத்துக்கு அவளுடைய மனக்கவலைதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதை யாராவது அன்றே எனக்குச் சொல்லியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள நானே தேடிப் படிக்க வேண்டியிருந்தது. நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். ஆனால், ஒரு சுவரொட்டிக்கு வாசகம் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் படித்திருக்க வேண்டியவற்றைத்தான் படித்தேன் என்று நம்புகிறேன்.

அந்த வாசகம் முழுப் பொய்யல்ல. அதனால்தான் அது இவ்வளவு தீங்கு செய்கிறது. கர்ப்பகாலத்தில் தாய்க்கு நேரும் கடுமையான, நீடித்த மன அழுத்தத்துக்கும், குறைமாதப் பிரசவம், எடை குறைவு, பின்னாளில் குழந்தைக்கு வரும் மனக்கலக்கம், கவனக்குறைவு போன்றவற்றுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அழுத்தத்தின்போது தாயின் உடலில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இதில் ஒரு வழியாகக் கருதப்படுகிறது. ஆனால், அது நேராகக் குழந்தையிடம் பாய்ந்துவிடுவதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி கார்ட்டிசாலின் பெரும்பகுதியைச் செயலற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. இயல்பான நிலையில் கருவின் இரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசால், தாயின் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மிகுந்த பதற்றத்துக்கு ஆளான தாய்மாரிடம் இந்த நொதியின் செயல்பாடு குறைந்திருந்ததாகவும் ஆய்வுகள் உள்ளன. அங்கேதான் கவலைப்பட இடமிருக்கிறது. அதே சமயம், கார்ட்டிசால் நஞ்சும் அல்ல. குழந்தையின் நுரையீரல் முதிர அது வேண்டும். குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லக்கூடிய, அதே வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு ஊசியைத் தாய்க்கு நீங்களே போடுகிறீர்கள். நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் அதன் பயனை நிறுவிய பின் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கின்றன. ஆகவே, ஒரு நாள் அழுத பெண்ணின் குழந்தைக்குள் ஏதோ கெட்டது இறங்கிவிட்டது என்ற எண்ணத்தை உண்டாக்கும் வாசகத்தை ஒரு மருத்துவமனை தன் சுவரில் வைத்திருக்கக் கூடாது.

அளவைப் பற்றியும் நீங்கள் பேசவில்லை. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991-92ஆம் ஆண்டுகளில் கர்ப்பமாக இருந்த ஏறக்குறைய 14,000 பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. விவெட் குளோவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதன் தரவுகளைப் பார்த்து, கர்ப்பகாலத்தில் மிக அதிகப் பதற்றத்துக்கு உள்ளான 15 விழுக்காட்டுத் தாய்மாரின் பிள்ளைகளிடம் மனநலச் சிக்கலுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டார்கள். இரு மடங்கு என்ற சொல் யாரையும் அச்சுறுத்தும். ஆனால், 13 வயதில் பார்த்தபோது அது சுமார் 6 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது. மிக அதிகமாகக் கலங்கிப்போயிருந்த தாய்மாரின் பிள்ளைகளிலும் நூற்றுக்கு 88 பேருக்கு அத்தகைய சிக்கல் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். ஒரு சமூகத்தின் நலனைத் திட்டமிடுபவருக்கு அந்த ஆறு விழுக்காட்டு உயர்வு மிகப் பெரியது, அதைக் குறைக்கப் பாடுபட வேண்டும். தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கோ, அந்த 88 என்ற எண்தான் முதலில் சொல்லப்பட வேண்டியது. "பாதிக்கும்" என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதியவர் இந்த வேறுபாட்டை நினைத்துப் பார்க்கவில்லை. ஜேனட் டிபியெட்ரோ என்ற ஆய்வாளரின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்விலோ, நலமாக இருந்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஏற்பட்ட மிதமான மன அழுத்தம், இரண்டு வயதில் பிள்ளைகளின் சற்று மேம்பட்ட வளர்ச்சியுடன் தொடர்புபட்டிருந்தது. அன்றாடக் கவலைகளையும் வேலைப்பளுவையும் எண்ணி ஒரு பெண் நடுங்கத் தேவையில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

இவை எல்லாவற்றையும்விட நீங்கள் கவனிக்க வேண்டியது கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வு. 1998 சனவரியில் அங்கே பனிமழை விடாமல் பெய்து, மின்கோபுரங்களும் கம்பிகளும் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் சரிந்தன. கடுங்குளிரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். சிலருக்குச் சில மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது, சிலருக்கு ஐந்து வாரத்துக்கு மேலாகியும் வரவில்லை. யாருக்கு எத்தனை நாள் என்பதை அவரவர் வசதியோ மனோதிடமோ தீர்மானிக்கவில்லை. பனி எங்கே விழுந்தது என்பதுதான் தீர்மானித்தது. சூசன் கிங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களிடம் இரண்டு வகைக் கேள்விகளைக் கேட்டார்கள். எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டைவிட்டு எத்தனை முறை வெளியேற நேர்ந்தது, என்ன இழப்பு என்பவை ஒரு வகை. மனத்தளவில் எவ்வளவு கலங்கினீர்கள் என்பது மற்றொரு வகை. பிள்ளைகளுக்கு ஐந்தரை வயதானபோது, மொழித்திறனிலும் அறிவுத்திறனிலும் காணப்பட்ட குறைவு முதல் வகையோடுதான், அதாவது தாய் பட்ட நேரடித் துன்பத்தின் அளவோடுதான் ஒத்துப்போயிற்று.

இதை நீங்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்சாரமில்லாத வீட்டில் குளிரில் விறைத்துக்கொண்டிருந்த கர்ப்பிணியிடம் "மகிழ்ச்சியாக இருங்கள்" என்று சொல்வதால் என்ன பயன் விளைந்திருக்கும்? அவளுக்குத் தேவைப்பட்டது சூடான அறை. மறுபடியும் மின்சாரம் வருவது அவள் கையில் இல்லை. என் தங்கைக்கும் அப்படித்தான். அவளுடைய துன்பத்துக்குக் காரணம் அவள் மனத்தில் இல்லை. அது வேலையிழப்பில், கடனில், வீட்டுக்குள் எழும் உரத்த குரலில் இருக்கிறது. கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு அவளுடைய அழுத்தம் அவன் கையில் இருக்கிறது. எட்டாம் மாதத்திலும் இரவுப்பணிக்கு வரச்சொல்லும் நிர்வாகத்தின் கீழ் வேலைபார்ப்பவளுக்கு அது பணி அட்டவணையில் இருக்கிறது. உங்கள் பிரிவிலேயே நிறைமாத வயிற்றுடன் இரவுப்பணி பார்த்த செவிலியர் ஒருவரைப் பார்த்தேன். அந்தச் சுவரொட்டியைத் தாண்டித்தான் அவரும் போய்வருகிறார். குழந்தையின் மூளையைக் காக்க வேண்டுமென்று உண்மையாகவே எண்ணுபவர்கள் பேசவேண்டியது அந்தக் கணவர்களிடமும், மேலாளர்களிடமும், குடும்பத்தாரிடமும்தான். வாசகம் முழுவதும் அவளை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் காரணங்களில் சில உங்கள் கட்டடத்துக்குள்ளேயே உற்பத்தியாகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்டால் எரிந்து விழுவது, பரிசோதனை முடிவை நடைபாதையில் நின்றபடி பிறர் காதுபடச் சொல்வது, பிரசவ வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவது, துணைக்கு வந்தவரை வாசலோடு நிறுத்திவிடுவது என்று நானும் மற்றப் பெண்களும் உங்களிடம் பட்டவை ஏராளம். பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, பெண்ணின் மனநிறைவு கூடுகிறது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாகிறது. உங்கள் விதிமுறை மட்டும் மாறவில்லை. செவிலியர்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் மூன்று பேருடைய வேலையைச் செய்தால் குரல் உயரத்தான் செய்யும். அந்தப் பற்றாக்குறைக்கு விடை சொல்ல வேண்டியவர்களும் நீங்களே.

அறையை மூடியதற்குக் காரணம் கேட்டபோது, "அதை யாரும் பயன்படுத்துவதில்லை, வருகைப் பதிவு மிகக் குறைவு" என்ற பதில் கிடைத்தது. கதவின் மேல் "மனநல ஆலோசனை" என்று பெரிய எழுத்தில் எழுதி, காத்திருப்புக் கூடத்தின் நடுவில், நாற்பது பேர் பார்த்திருக்க அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகவேண்டும் என்று வைத்தால் எத்தனை பேர் போவார்கள்? நானே இருமுறை அந்தக் கதவு வரை சென்று, கூடத்தில் மாமியாருக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் முறை உள்ளே சென்றது, எடை பார்க்கும் அறை என்று நினைத்துத் தவறாகத் திறந்ததால்தான். நான் தற்செயல் என்று சொன்னது அதைத்தான். வருகைப் பதிவு குறைவாக இருந்ததற்குத் தேவை குறைவு என்று பொருள் கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும் பிரசவித்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது என்றும், வளரும் நாடுகளில் அது முறையே 15.6, 19.8 விழுக்காடு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளில் நூறு கர்ப்பிணிகள் வரும் பிரிவில் குறைந்தது பத்துப் பேர் அந்நிலையில் இருக்கக்கூடும். அவர்களாகவே வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருந்தால் வரமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழிகள் உள்ளன, புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து அடிக்கடி வாடினீர்களா, வழக்கமாகச் செய்பவற்றில் ஈடுபாடு இல்லாமல் போயிற்றா என்ற இரண்டு கேள்விகளையே முதல் பரிசோதனையில் கேட்கும்படி பிரிட்டனின் வழிகாட்டுதல் 2007 முதல் சொல்லிவருகிறது. மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாள் 1987-இலேயே வந்துவிட்டது. தமிழ் உள்படப் பல மொழிகளில் இருக்கிறது, நிரப்ப ஐந்து நிமிடம் போதும். மனநல மருத்துவர்கள் கிடைப்பதில்லை என்ற பதிலையும் எதிர்பார்க்கிறேன். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அதீப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும், மனநலத் துறையில் எந்தப் பட்டமும் இல்லாத சமுதாய சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளை வீட்டுக்கே சென்று சந்திக்க வைத்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்ற ஊழியர்கள் சந்தித்த தாய்மாரில் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு நீடித்தது. அந்தப் பயிற்சி பெறாத ஊழியர்கள் சந்தித்தவர்களில் 53 விழுக்காட்டினரிடம் நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் அந்தப் பயிற்சியை நூலாகவே வெளியிட்டிருக்கிறது. உங்கள் பிரிவின் பெண் ஊழியர்களில் நால்வருக்கு அதைக் கற்றுத்தர இயலாதா?

இன்னொன்றும் உண்டு. நான் மகளைக் கையில் வைத்துக்கொண்டு குற்ற உணர்வில் கிடந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொல்லாதது இது. பனிக்குட நீரில் கார்ட்டிசால் அதிகமாக இருந்த குழந்தைகளைப் பிறந்த பின் கவனித்த ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. பாதுகாப்பான பாசப்பிணைப்பு இல்லாத குழந்தைகளிடம் அந்தக் கார்ட்டிசாலுக்கும் குறைந்த அறிவுவளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. பாதுகாப்பான பிணைப்பு உள்ள குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. கருவில் நேர்ந்ததோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, பிறந்த பின் தாயும் குழந்தையும் நெருங்கியிருக்க உதவினால் பெரும்பகுதி ஈடுசெய்யக்கூடியது என்று நம்ப இது இடம் தருகிறது. "அதான் சீக்கிரம் வந்துட்டா" என்று சொன்ன மருத்துவர் இதைச் சொல்லியிருந்தால், நான் குழந்தையைப் பார்த்து அஞ்சியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் நானே என் மகளைத் தூக்கப் பயந்த வாரங்கள் உண்டு. என் கலக்கம் மறுபடியும் அவளுக்குள் போய்விடும் என்று நினைத்து, அவள் அழும்போது என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பவை இவை. அந்தச் சுவரொட்டியை உடனே எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் வாசகம் ஏதேனும் வேண்டுமென்றால், தூக்கமில்லாமலோ அச்சத்திலோ வீட்டில் வன்முறையாலோ தவிக்கும் பெண் இந்த மருத்துவமனையில் யாரிடம், எந்த நேரத்தில், எந்த எண்ணில் பேசலாம் என்பதை எழுதுங்கள். குடும்பத்தாருக்கும் ஒரு வாசகம் எழுதுங்கள், அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஆலோசனை அறையை மீண்டும் திறந்து, முழுநேர ஆலோசகரை நியமியுங்கள். எடை, இரத்த அழுத்தம் பார்க்கும் வழியிலேயே அந்த அறை வரட்டும், எல்லாப் பெண்களும் அதன் வழியாகவே போகட்டும். அப்போது யார் எதற்குச் சென்றார் என்று கூடத்தில் இருக்கும் எவருக்கும் தெரியப்போவதில்லை. முதல் பரிசோதனையிலும், கடைசி மூன்று மாதங்களில் ஒரு முறையும், பிரசவத்துக்குப் பின் தடுப்பூசிக்கு வரும்போது ஒரு முறையும், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்த எளிய கேள்விகளை ஒவ்வொரு பெண்ணிடமும் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பதில் கவலை தருவதாக இருந்தால் அன்றே ஒருவர் அவளோடு பேச வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக ஒருத்தி சொன்னால் அவளை அன்று தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஸ்கேன் அறைக்கு எழுத்துமூலம் விதி ஒன்று வகுத்துத் தாருங்கள். முதலில் இதயத்துடிப்பைக் காட்டுங்கள். துடிப்பு இல்லையென்றால் அந்தப் பெண்ணைத் தனியே படுக்கவைத்துவிட்டு யாரும் வெளியேறக் கூடாது, அவள் விரும்பும் ஒருவரை அந்தக் கணமே உள்ளே அழைக்க வேண்டும். பிரசவ அறையிலும் அவள் தேர்ந்தெடுக்கும் ஒரு துணையை அனுமதியுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தாயிடம், அவளுடைய மனநிலையே அதற்குக் காரணம் என்று இனி எந்த மருத்துவரும் செவிலியரும் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். கர்ப்பமாக இருக்கும் உங்கள் ஊழியர்களின் இரவுப்பணியை, அவர்கள் விரும்பினால், ஊதிய இழப்பில்லாமல் மாற்றிக்கொடுங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாள்களுக்குள் எழுத்துமூலமான பதில் வேண்டும். எவற்றைச் செய்ய இயலும், எவற்றைச் செய்ய இயலாது, இயலாதவற்றுக்கு என்ன காரணம் என்பதைத் தெரிவியுங்கள். ஆலோசனை அறையை மூடுவதென்று முடிவெடுத்த கூட்டத்தில், கர்ப்பகாலத்தில் உங்கள் சிகிச்சையைப் பெற்ற பெண் ஒருவராவது அழைக்கப்பட்டாரா என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைத்தால் வருகிறேன்.

என் தங்கையின் அடுத்த பரிசோதனை வரும் மாதம் முதல் வாரத்தில் இருக்கிறது. மற்றவற்றுக்குக் காலம் எடுத்துக்கொண்டாலும், அதற்குள் அந்தச் சுவரொட்டியையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் ஒரு குழந்தையை இழந்து, ஒரு குழந்தையைப் பெற்ற தாய்